சம்மனசுக்கு ஒரு வெற்றுப் பக்கம்

ஆவுடைநாயகத்துக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் கிடையாது. அப்படி ஏதாவது ஒன்று தப்பித்தவறி இருந்தால், அது யாருக்கும் தேவைப்படாத சங்கதியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய முடிவு. இந்த மாதிரி ஆட்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் ஒன்று தலையாட்டப் பழகிக்கொள்வார்கள், அல்லது வேறு வேலை தேடிக்கொள்வார்கள். ஸமீஹா இரண்டையும் செய்யவில்லை. அதனால் வந்த வினைதான் இத்தனையும்.

வண்ணார்பேட்டையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒன்பது பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிற அலுவலகம் அது. முதலாளி தானியேல் பாதி நாள் தூத்துக்குடியிலும் பாதி நாள் மதுரையிலும் வேலை பிடிக்க அலைந்துகொண்டிருப்பார். அவர் இல்லாதபோது அதிகாரம் முழுக்க டீம் லீடர் ஆவுடைநாயகம் கையில். தச்சநல்லூரிலிருந்து புல்லட்டில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் யாருக்காவது ஒரு வசவு விழுந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும், காற்றும் வரும். ஆனால் ஏசி வீணாகிறது என்று அந்த ஜன்னலை அவர் திறக்க விட்டதே இல்லை.

ஸமீஹா அங்கே சேர்ந்து ஐந்தே முக்கால் மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று கடிதம் கொடுப்பார்கள். மேலப்பாளையத்தில் அவள் வீட்டில் எல்லோரும் சென்னைக்குப் போ என்றுதான் சொன்னார்கள். பெரிய கம்பெனி, பெரிய சம்பளம், பெங்களூரில் இருக்கிற மாமி மகன் அய்மன் வேறு ஃபோனைப் போட்டு, ஊரில் இருந்துகொண்டு நிரல் எழுதுவதெல்லாம் பொழுதுபோக்கு என்று சொன்னான். ஊரிலேயே இருந்து எழுதிக் காட்டுகிறேன் பார் என்று வீட்டோடு மல்லுக்கட்டி நின்றவள் அவள். கடிதம் வராவிட்டால் குடும்பமே வரிசையில் நின்று, “அப்பமே சொன்னோம்லா” என்று சொல்லும். அதைக் கேட்பதற்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு வெயிலில் நிற்கலாம்.

அந்தச் சமயத்தில் அவர்கள் கையில் இருந்த பெரிய வேலை, மிக்கேல்துறை மீனவர் சங்கத்துக்கான மென்பொருள்; சங்கம் அதை இன்னும் வெள்ளோட்டம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மிக்கேல்துறை என்பது குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். நாற்பத்து மூன்று ஃபைபர் வள்ளங்கள். எந்த வள்ளம் எப்போது கடலுக்குப் போனது, அதில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது கரை திரும்பியது என்பதைப் பதிந்துகொண்டு, தினமும் மாலை நாலு மணிக்கு இன்னும் திரும்பாத வள்ளங்களின் பட்டியலை அந்த மென்பொருள் கொடுக்க வேண்டும். யாரையாவது தேடிப் போக வேண்டியிருந்தால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் போவார்கள். ஆக, அது விளையாட்டுப் பட்டியல் அல்ல.

சங்க அலுவலகத்தில் பதிவு வேலை பார்க்கிறவள் லிண்டா. முப்பது வயது, நறுக்குத் தெறித்த மாதிரிப் பேச்சு. சங்கத் தலைவர் பர்னபாஸின் மருமகள் என்றாலும் மாமனாருக்காகக்கூட ஒரு எழுத்து மாற்றி எழுதாதவள் என்று ஊரில் பெயர். ஒரு திங்கட்கிழமை காலை அவள் ஸமீஹாவுக்கு ஃபோன் செய்தாள்.

“தங்கச்சி, ஒங்க கம்ப்யூட்டர் சிவப்பா இங்கிலீஷ்ல என்னமோ கத்துது. பட்டியலக் கேட்டா வர மாட்டேங்கு.”

“புதுசா ஏதாவது ஏத்துனீங்களாக்கா?”

“எங்க மாமா புது வள்ளம் இறக்குதாரு. சம்மனசுன்னு தேவதூதர் பேரு. வர்ற சனிக்கிழமை சாமியார் வந்து மந்திரிப்பு. அதை மட்டும் ஏத்துனேன். பேரு, நம்பரு, சொந்தக்காரரு.”

“ஆட்கள் பேரு?”

“வள்ளம் இன்னும் நனையலியே தங்கச்சி. நனையாத வள்ளத்துக்கு ஆள் பேரு எழுத மாட்டோம். மந்திரிச்சு, தண்ணியில தள்ளி, முன்பக்கத்து அணியம் நனைஞ்ச பெறகுதான் யாரு ஏறுதான்னு பாத்து எழுதுவேன்.”

ஸமீஹாவுக்கு இருபது நிமிஷத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஜாவா மொழியில் எழுதின மென்பொருள் அது. அதில் வள்ளத்துக்கென்று ஒரு கிளாஸ் உண்டு. ஒரு வள்ளம் என்றால் அதைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிற இடம் அது. புதிதாக ஒரு வள்ளத்தைப் பதியும்போது முதன்முதலில் ஓடுகிற பகுதிக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். பெயர், எண், சொந்தக்காரர், ஆட்களின் பட்டியல் எல்லாவற்றுக்கும் அங்கேதான் முதலில் இடம் போட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆவுடைநாயகம் அதை எழுதியபோது, பழைய பதிவேட்டிலிருந்து வள்ளங்கள் ஆட்களோடு சேர்ந்தே வந்தன. அப்போது எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஆள் பெயர் இல்லாமலும் வள்ளத்தைப் பதிய வேண்டும் என்று சங்கம் கேட்டதும், அவர் முதல் கன்ஸ்ட்ரக்டரை அப்படியே நகலெடுத்து, ஆட்களைப் பற்றிய வரியை மட்டும் நீக்கி, இரண்டாவது கன்ஸ்ட்ரக்டர் என்று வைத்துவிட்டார். பெயர்களோடு சேர்ந்து, பெயர்களை எழுதி வைக்க வேண்டிய பட்டியலும் போய்விட்டது.

ஆள் இல்லாத பட்டியல் வேறு, பட்டியலே இல்லாதது வேறு. காலியான பட்டியலிடம் எத்தனை பேர் என்று கேட்டால் பூஜ்யம் என்று ஒழுங்காகப் பதில் வரும். ஒரு பெயரைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். இல்லாத பட்டியலுக்கு ஜாவாவில் null என்று பெயர்; அதனிடம் கேட்டால் நல் பாயிண்டர் எக்செப்ஷன் என்று சிவப்பில் அலறிவிட்டு வேலையை நிறுத்திவிடும். சம்மனசு என்ற ஒரே ஒரு வள்ளத்தால் நாற்பத்து நாலு வள்ளத்தின் பட்டியலும் நின்றுபோனது அதனால்தான். அலுவலகத்தில் யாருக்கும் இது இதுவரை தட்டுப்படாததற்கும் காரணம் உண்டு. சோதனைக்காக அவர்கள் உண்டாக்கிய ஒவ்வொரு வள்ளத்திலும் இர்ஷாத், ஐயம்பெருமாள் என்று தங்கள் பெயர்களையே போட்டு ஏற்றிவிடுவார்கள். ஆளில்லாத வள்ளம் ஒன்று ஐந்து நாள் கரையில் காத்திருக்கும் என்று ஏசி அறையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸமீஹா போய்ச் சொன்னாள். ஆவுடைநாயகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதுக்கு என்ன பெரிய ஆராய்ச்சி? அந்தப் பொம்பளைட்ட ஏதாவது ஒரு பேரைப் போடச் சொல்லு. சும்மா ஒரு பேரு.”

“கேட்டேன் அண்ணாச்சி. கடலுக்குப் போவாத ஆளைப் போனதா எழுத மாட்டேன்னுட்டாங்க.”

“எழுத மாட்டாங்களாம்லா. சரி, விடு. வள்ளங்களை ஒவ்வொண்ணா எண்ணுத எடத்துல ஒரு செக் போடு. ஆள் பட்டியல் null-ஆ இருந்தா அந்த வள்ளத்தைத் தாண்டிப் போயிரட்டும். பேரு ஏத்துத எடத்துலயும் அதே மாதிரி போட்டுரு. null-ஆ இருந்தா சத்தம் காட்டாமத் திரும்பிரணும். சிவப்பு எங்கயும் வரக்கூடாது. சனிக்கிழமை அவங்க கூட்டத்துல வச்சுப் போட்டுக் காட்டணும்.”

“அப்பம் அந்த வள்ளம் நாலு மணிப் பட்டியல்ல வராதே.”

“ஆளே இல்லாத வள்ளம் பட்டியல்ல எதுக்கு?”

“ஆள் இருப்பாங்க அண்ணாச்சி. கடல்ல இருப்பாங்க. நம்ம பட்டியல்லதான் இருக்க மாட்டாங்க. லிண்டாக்கா பேரை ஏத்துனாலும் அது முழுங்கிட்டு, பதிவாயிற்றுன்னு பச்சையில சொல்லும். கன்ஸ்ட்ரக்டர்ல ஒரு வரி போட்டாப் போதும். காலியா ஒரு பட்டியலைத் திறந்து வச்சிரலாம்.”

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கன்ஸ்ட்ரக்டரை எழுதியது யார் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பக்கத்து மேஜையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த இர்ஷாதுக்கும் தெரியும். அங்கே ஒரு வரி சேர்ப்பதென்றால் தப்பு அங்கேதான் இருந்தது என்று ஒப்புக்கொள்வதாகும். பட்டியலில் ஒரு செக் போட்டால் தப்பு யாருடையதும் இல்லை.

“நான் சொன்னதைச் செய்யி.”

“அதை என் பேருல எழுத மாட்டேன் அண்ணாச்சி.”

இப்படி ஒரு வாக்கியம் அந்த அறையில் அதுவரை சொல்லப்பட்டதில்லை. இர்ஷாத் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டான். ஆவுடைநாயகம் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்தார்.

“சரி, நானே எழுதிக்கிடுதேன். ஒன் கன்ஃபர்மேஷன் லெட்டரைப் பத்தி தானியேல் சார்ட்டப் பேச வேண்டியிருக்கு, அப்பம் இதையும் சேத்துப் பேசிருதேன்.”

ஸமீஹா தன் மேஜைக்குத் திரும்பினாள். பயமே இல்லாதவள் என்று சொன்னால் அது பொய். தானியேலுக்கு நடந்ததை எழுதி ஒரு மெயில் அனுப்பினாள். சனிக்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ஆவுடை சொல்வதைக் கேள் என்று ஒன்றரை வரியில் பதில் வந்தது. அதைப் படித்ததும் பயம் போய் எரிச்சல்தான் மிஞ்சியது. சனிக்கிழமைதான் அந்த வள்ளம் கடலுக்குப் போகிறது. அதற்குப் பிறகு எதைப் பார்ப்பது?

தன் மடிக்கணினியில் தனிப் பிரதி ஒன்று எடுத்து அந்த வரியை எழுதினாள். இரண்டு கன்ஸ்ட்ரக்டரிலும் எழுதினாள்.

this.aatkal = new ArrayList<>();

அவ்வளவுதான். ஆட்கள் என்ற பட்டியலைப் புதிதாக, காலியாக, இந்த வள்ளத்துக்கென்றே தனியாக உண்டாக்கு என்று பொருள். முதல் கன்ஸ்ட்ரக்டரில், வெளியிலிருந்து வருகிற பெயர்களை இந்தப் பட்டியலுக்குள் எடுத்து வைக்க இன்னொரு வரி. எழுதிவிட்டு அவள் இன்னொரு காரியமும் செய்தாள். ஆட்கள் என்ற புலத்தை அறிவித்திருந்த இடத்தில் final என்ற சொல்லைச் சேர்த்தாள். அந்தச் சொல் அங்கே இருந்தால், இனிமேல் எவராவது அந்தக் கிளாஸில் பட்டியலைத் திறக்காமல் ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதினால் ஜாவா அதை ஏற்றுக்கொள்ளாது. ஓடிப்போய் நடுக்கடலில் விழுகிற கதையெல்லாம் கிடையாது, எழுதுகிற மேஜையிலேயே நின்றுவிடும். ‘எவராவது’ என்று அவள் யாரை நினைத்தாள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லிண்டாவுக்கு ஃபோன் செய்தாள். வாடிக்கையாளரிடம் உள்விவகாரம் பேசக் கூடாது என்பது அலுவலக விதி. அதனால் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அக்கா, நாளைக்குக் கூட்டத்துக்கு ஒங்க நோட்டை எடுத்துட்டு வந்துருங்க. கம்ப்யூட்டர் வந்துட்டுன்னு அதை மூடிராதீங்க.”

“நான் எப்பம் மூடுனேன்?” என்றாள் லிண்டா.

சனிக்கிழமை தானியேலின் வேனில் போனார்கள். ஆழ்வார்திருநகரியில் நிறுத்தி டீ குடித்தபோது தானியேல் நல்ல உற்சாகத்தில் இருந்தார். இந்தச் சங்கம் படிந்தால் கரையோரத்தில் இன்னும் ஆறு சங்கம் படியும் என்று விரல் விட்டுச் சொன்னார். ஆவுடைநாயகம் புதுச் சட்டை போட்டிருந்தார். ஸமீஹா மடிக்கணினியை மடியை விட்டு இறக்கவில்லை. திரையில் போட்டுக் காட்டுவதற்கு அவளுடைய மடிக்கணினிதான், ஓட்டிக் காட்டுவதும் அவள்தான். பேசுவது மட்டும் ஆவுடைநாயகம்.

சங்கக் கூடம் நிறைந்திருந்தது. காலையில் பூசை முடிந்து, சாமியார் வந்து சம்மனசை மந்திரித்து, எட்டு மணிக்குத் தண்ணீரில் தள்ளியிருக்கிறார்கள். மற்ற வள்ளங்கள் விடிவதற்கு முன்பே போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டன. தாமதமாகப் போன சம்மனசு மட்டும் இன்னும் வரவில்லை. அதை ஓட்டிப் போயிருப்பவன் ஜெனிஸ்டன், பர்னபாஸின் மகன், லிண்டாவின் புருஷன். அவனோடு இன்னும் நாலு பேர். முதல் நாள் என்பதால் கொஞ்சம் ஆசைப்பட்டுத் தூரமாய்ப் போயிருப்பார்கள் என்று நினைத்து, கூடத்தில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஐந்துக்குள் வந்துவிடுவதாகக் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்களாம்.

ஆவுடைநாயகம் அரைமணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார், அதை மறைப்பானேன். மணி நாலானதும், “பாத்துக்கிடுங்க” என்று கையைக் காட்டினார். ஸமீஹா அவர் சேர்த்து வைத்திருந்த மென்பொருளை அப்படியே ஓட்டினாள். வெள்ளைச் சுவரில் பச்சை எழுத்தில் வந்தது:

கடலில் உள்ள வள்ளங்கள்: 0. எல்லா வள்ளங்களும் கரை திரும்பின.

நாலைந்து பேர் கைதட்டினார்கள். தானியேலும் தட்டினார். மூன்றாவது வரிசையிலிருந்து லிண்டா எழுந்தாள். கையில் நீள நோட்டு.

“எல்லாமும் திரும்பல. சம்மனசு இன்னும் வரல.”

கைதட்டல் நின்றது. பர்னபாஸ் முன்வரிசையிலிருந்து சுவரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுபதை நெருங்குகிற மனிதர், ஆனால் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்.

“என்ன வே இது? எம் மவன் கடல்ல கெடக்கான். எல்லாரும் வந்தாச்சுன்னு சொவத்துல எழுதிப் போட்டிருக்கீரு.”

“அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி,” என்றார் ஆவுடைநாயகம். “புது என்ட்ரி, இன்னும் அப்டேட் ஆகியிருக்காது. ஒங்க ஊர்ல நெட்வொர்க் கொஞ்சம் பைய வருது.”

“காலையில எட்டரைக்கு அஞ்சு பேரையும் ஏத்துனது நானு,” என்றாள் லிண்டா. “பதிவாயிற்றுன்னு அஞ்சு தடவ சொல்லிச்சு.”

“நெட்வொர்க்தாம்மா.”

ஸமீஹாவுக்கு அந்த நிமிஷத்தில் கடிதம் ஞாபகம் வந்தது, அய்மன் ஞாபகம் வந்தது, வரிசையில் நிற்கப் போகிற குடும்பம் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு, அந்த ஐந்து பெயர்களை விழுங்கிவிட்டுப் பச்சையாகச் சிரித்த ‘பதிவாயிற்று’ என்ற சொல் வந்து நின்றது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்தாள்.

“நெட்வொர்க் இல்ல. எங்க தப்பு.”

“ஸமீஹா, ஒக்காரு.”

“ஒக்கார மாட்டேன் அண்ணாச்சி. அக்கா, அந்த நோட்டை இங்கன கொண்டு வாங்க.”

லிண்டா கொண்டுவந்தாள். ஸமீஹா பக்கத்தைப் புரட்டி எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள். மேலே சம்மனசு என்று பெயர், பக்கத்தில் திங்கட்கிழமைத் தேதி. கீழே கோடு போட்ட வரிகள். அதில் முதல் ஐந்து வரிகளில் அன்று காலை எழுதின ஐந்து பெயர்கள்.

“வள்ளத்தைப் பதிஞ்ச அன்னைக்கே லிண்டாக்கா இந்தப் பக்கத்தைத் தெறந்துட்டாங்க. பேரு எதுவும் எழுதல, கோடு மட்டும் போட்டு வச்சிருக்காங்க. அதனால இன்னைக்கு எழுத எடம் இருந்துச்சு. எங்க கம்ப்யூட்டர் வள்ளத்தை மட்டும் பதிஞ்சுட்டு, பக்கத்தைத் தெறக்கவே இல்ல. பக்கம் இல்லாத வள்ளம் வந்தா எண்ணாமத் தாண்டிப் போயிருன்னு அதுக்கு நாங்களே சொல்லிக் குடுத்தோம். காலையில ஏத்துன அஞ்சு பேரும் அதுல எங்கயும் இல்ல.”

“அப்பம் பதிவாச்சுன்னு சொன்னது?” என்று பர்னபாஸ் கேட்டார்.

“பொய்.”

தானியேலின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, அதனால் பார்க்கவில்லை. பர்னபாஸ் எழுந்து வந்து நோட்டில் மகன் பெயரைப் பார்த்தார்.

“சரி பண்ண முடியுமாம்மா?”

“பண்ணி வச்சிருக்கேன். நாலு நிமிஷம் குடுங்க.”

“ப்ரொடக்‌ஷன்ல, சங்கத்துல ஓடிட்டு இருக்கதுல, கை வைக்காத,” என்றார் ஆவுடைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் சொல்லுதேன்.”

அவள் கை வைத்தாள். தன் பிரதியை அதன் இடத்தில் ஏற்றி ஓட்டினாள். நாலு நிமிஷம் என்று சொன்னது ஏழு நிமிஷமாகிவிட்டது. பிறகு சுவரில் வந்தது:

கடலில் உள்ள வள்ளங்கள்: 1. சம்மனசு. ஆட்கள்: 0. கரை திரும்பவில்லை.

“வந்துட்டு,” என்றாள் லிண்டா. கணினியின் முன் அவளே உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஐந்து பெயர்களையும் ஏற்றினாள். முதல் பெயர் ஜெனிஸ்டன். அதை அடிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தாமதித்தது. சுவரில் பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று, இரண்டு என்று ஏறி ஐந்தில் நின்றது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அந்த ஐந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குச் சம்மனசு கரை பிடித்தது. ஒரு சேதமும் இல்லை. நிறைய மீன், நிறையச் சத்தம். ஜெனிஸ்டன் இறங்கி வந்து, ஏன் இத்தனை பேர் கரையில் நிற்கிறீர்கள் என்று கேட்டான். லிண்டா கூடத்துக்குத் திரும்பிப் போய், நோட்டிலும் கணினியிலும் வந்த நேரத்தை எழுதினாள்.

திரும்பும்போது வேன் திருச்செந்தூரைத் தாண்டியது. ஆவுடைநாயகம்தான் முதலில் பேசினார்.

“வந்துட்டாம்லா. இப்பம் என்ன கொறஞ்சுபோச்சு? இதுக்குப் போயி அத்தனை பேர் முன்னாடி கம்பெனி மானத்தை வாங்கிட்ட.”

“வந்துட்டாங்க அண்ணாச்சி. ஒங்க பட்டியலைப் பாத்து வரல.”

தானியேல் ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சங்கம் மென்பொருளை எடுத்துக்கொண்டது. இருந்தாலும் திங்கட்கிழமை காலை தானியேல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆவுடைநாயகம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று, நிரந்தர வேலைக்கான கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. மற்றது, அவள் எழுதித் தர வேண்டிய விளக்கம்.

“வேலையில நீ செஞ்சது சரியா இருக்கலாம்மா,” என்றார் தானியேல். “ஆனா கஸ்டமர் முன்னாடி பொய்னு ஒரு வார்த்தை சொல்லிட்ட. அனுமதி இல்லாம மாத்திட்ட. வருந்துகிறேன், இனி நடக்காதுன்னு ஒரே ஒரு வரி எழுது. இதுல கையெழுத்துப் போட்டுருதேன்.”

ஸமீஹா தாளை இழுத்து எழுதினாள். எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பினாள். அதில் இப்படி இருந்தது: ‘கடலில் இருந்த ஐந்து பேரை நம் மென்பொருள் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்க்கும்படி மாற்றினேன். இதற்காக நான் வருந்தவில்லை. மறுபடியும் நடந்தால் மறுபடியும் மாற்றுவேன்.’

“இப்படி எழுதுனா நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

“போட வேண்டாம் சார். ஆனா நான் செஞ்சது தப்புன்னா அந்த வரி தப்பு. அதையும் எடுத்துருங்க. இன்னைக்கே எடுத்துருங்க, நான் போயிருதேன்.”

தானியேல் ஆவுடைநாயகத்தைப் பார்த்தார்.

“எடுத்தா என்ன ஆவும்?”

தெரியாத சங்கதியே இல்லாத மனிதருக்குப் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

“மறுபடி ஆள் பேரு விட்டுப்போவும் சார்,” என்றார்.

அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. புதன்கிழமை ஸமீஹாவின் மேஜையில் கையெழுத்தோடு கடிதம் கிடந்தது. உறையில் போடாமல், நாலாக மடித்து, கீபோர்டுக்கு அடியில் செருகியிருந்தார்கள். கொடுக்கிற விதத்தில் அவர்களும் கொஞ்சம் கோபத்தைக் காட்ட வேண்டாமா? அவள் அதை விரித்து, நீவி, பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அய்மனுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

அடுத்த வாரம் பக்கத்துத் துறைச் சங்கம் ஒன்று வந்து சேர்ந்தது. அவர்களுக்கு வள்ளத்தோடு எஞ்சின் எண்ணும் பதிவாக வேண்டுமாம். ஆவுடைநாயகம் தானே செய்வதாகச் சொல்லிவிட்டு, வள்ளம் கிளாஸைத் திறந்து மூன்றாவதாக ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதினார். பெயர், எண், சொந்தக்காரர், எஞ்சின். ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. திரையில் அந்த நாலு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. ஆட்கள் என்ற பட்டியல் இன்னும் திறக்கப்படவில்லை என்று அது சொன்னது.

அவர் மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதையே சொன்னது. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். final என்ற சொல்லின் மேல் கொண்டுபோய்க் கர்சரை வைத்தார், அழிக்கிற விசையின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. எதிர் மேஜையிலிருந்து ஸமீஹா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ஏம்மா,” என்றார் திரும்பாமலே. “இது என்ன, விட மாட்டேங்கு.”

“விடாது அண்ணாச்சி.”

அவள் எழுந்து போகவில்லை. வந்து தட்டிக் கொடுப்பாள் என்று அவர் காத்திருந்தது தெரிந்தது. அவள் தன் வேலையைப் பார்த்தாள். கடைசியில் ஆவுடைநாயகம் இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அந்த வரியைத் தானே அடித்தார். சிவப்பு மறைந்தது. ஸமீஹா போய் ஜன்னலைத் திறந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டி அதை அணைத்தார்.